உம்மும்மாவின் ‘ஈக்கி’: சமூக மொழியியல் – ஓர் அறிமுகம்

சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தேன். மேடையில் பேசி இறங்கும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. இறங்கியதும் தோழியிடம், “என்ட தண்ணிப் போத்தல் எங்க ஈக்கி?” என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த வேறு ஊர் மாணவிகள் சிலர் சிரித்தார்கள். “ஈக்கியாம்! அப்ப மேடையில பேசினது யாருட தமிழ்?” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் நான் எல்லோருடைய பேச்சையும் திருத்தத் தொடங்கினேன். உம்மும்மா “ஈக்கி” என்றால் “இருக்கிறது” என்பேன். “செல்லு” என்றால் “சொல்லு” என்பேன். “பெய்த்து” என்றால் “போய்” என்பேன். உம்மும்மா முதலில் சிரித்தார். பிறகு, என் தோழிகள் வரும் நாட்களில் தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் குசினிக்குள் போய்விடுவார். வீட்டுக்கு வருகின்ற பிள்ளையிடம் ஊர், உறவு, உம்மாவின் பெயர் எல்லாம் விசாரிக்காமல் விடாதவர் அவர். அவர் ஏன் இப்படி மாறினார் என்று நான் யோசிக்கவேயில்லை.

உயர்தர வகுப்பில் எமது ஊர்ப் பேச்சு வழக்கைப் பற்றி ஓர் ஒப்படை செய்ய வேண்டி வந்தது. அதற்காக வாசித்தபோதுதான் ‘சமூக மொழியியல்’ என்றொரு துறை இருப்பதை அறிந்தேன். அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழையா, வழக்கா?

ஒரே மொழியை எல்லோரும் ஒரே விதமாகப் பேசுவதில்லை என்பது புதிய செய்தி அல்ல. தொல்காப்பியரே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தபோது, திசைக்குத் திசை சொல் வேறுபடும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். எமது நாட்டிலும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் ஒலியமைப்பை ஆராய்ந்தார். அந்தப் பேச்சிலேயே நாடகங்களும் எழுதினார். பேராசிரியர் சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழில் சமூக வேறுபாடுகள் எவ்வாறு தெரிகின்றன என்று எழுதினார். பேராசிரியர் எம். ஏ. நுஃமான் இலங்கை முஸ்லிம்களின் தமிழைப் பற்றி எழுதியுள்ளார்.

ஊருக்கு ஊர் மொழி வேறுபடுவதை ஆராய்வது கிளைமொழியியல். சமூக மொழியியல் அதற்கு மேலும் ஒரு கேள்வியைக் கேட்கிறது. ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏன், ஒரே ஆளின் வாயில்கூட ஒரு சொல் இரண்டு விதமாக வருகிறதே, அது ஏன்? யாரிடம் பேசும்போது எது வருகிறது? வயது, தொழில், படிப்பு, ஆண் பெண் என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இவ்வாறு ஒரே பொருளைத் தரும் இரண்டு வடிவங்கள் மாறி மாறி வரும் இடத்தை ஆய்வாளர் ‘மாறி’ என்பர். ‘இருக்கிறது’, ‘இருக்கு’, ‘ஈக்கி’ மூன்றும் ஒரு மாறியின் மூன்று வடிவங்கள். ஆய்வாளர் இவற்றில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவதில்லை. எது, எங்கே, யாரிடம், எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறார்.

ஒரு தீவில் கிடைத்த விடை

இந்த எண்ணும் முறைக்கு வழி காட்டியவர் அமெரிக்கரான வில்லியம் லபோவ். 1927இல் பிறந்து 2024இல் காலமானவர். பல்கலைக்கழக ஆய்வுக்கு வருமுன் பல ஆண்டுகள் மை தயாரிக்கும் தொழிலில் இரசாயனவியலாளராக வேலை செய்தவர்.

அவருடைய முதல் ஆய்வு மசாசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் நடந்தது. அப்போது அத்தீவில் நிரந்தரமாக வாழ்ந்தவர்கள் 6,000 பேருக்கும் குறைவு. ஆனால் கோடை காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் விடுமுறையைக் கழிக்க வந்து இறங்குவார்கள். தீவின் மீன்பிடித் தொழில் நலிந்துகொண்டிருந்தது. கரையோர வீடுகளும் காணிகளும் வெளியாரின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அங்கே ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வரும் ‘ஐ’, ‘ஔ’ ஒலிகளைச் சிலர் வாயை அகலத் திறக்காமல், நாக்கைச் சற்று நடுவுக்கு உயர்த்தி ஒலித்தார்கள். லபோவ் தீவில் பிறந்த 69 பேரைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்தார். ஒவ்வொருவரும் அந்த ஒலியை எவ்வளவு நடுவுக்கு நகர்த்துகிறார் என்பதற்கு ஒரு சுட்டெண் கொடுத்தார். எண் உயர்ந்தால் தீவின் ஒலிப்பு அதிகம் என்று பொருள்.

75 வயதுக்கு மேற்பட்டோரிடம் ‘ஐ’ ஒலிக்கு வந்த சுட்டெண் 25. 31 முதல் 45 வயது வரையானோரிடம் அது 81. ஆனால் 14 முதல் 30 வயது வரையானோரிடம் மீண்டும் 37. பழைய ஒலிப்பு முதியவர்களிடம்தான் கூடுதலாக இருக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே நடுவயதினரே முன்னால் நின்றார்கள். அதிலும் மீனவர்களிடம் அது மிகவும் கூடியிருந்தது.

காரணம் தேடிய லபோவ், தீவைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார் என்று பார்த்தார். தீவின் மீது பற்றுள்ள 40 பேரின் சுட்டெண் 63. இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்த 19 பேரின் சுட்டெண் 32. தீவை விட்டுப் போக விரும்பிய 6 பேரின் சுட்டெண் 9. போவதா இருப்பதா என்று முடிவு செய்யாத இளையவர்கள் ஏன் பின்னால் நின்றார்கள் என்பதும் இப்போது விளங்குகிறது. கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மகனின் பேச்சு, திரும்பிய பிறகே மீனவர்களின் பேச்சைப் போல மாறியதை அவருடைய தாயே கவனித்துச் சொன்னதாகவும் லபோவ் எழுதுகிறார்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஊர்ப் பேச்சு என்றால் படிப்பில்லாதவர்களின் பேச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த மகனுக்குப் படிப்பு இருந்தது. அவர் தெரிந்தே தன் ஊரைத் தன் நாவில் வைத்துக்கொண்டார்.

நான்காம் மாடி

லபோவின் அடுத்த ஆய்வு நியூயோர்க் நகரில். அங்கே ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்னும்போது சிலர் ‘ர்’ ஒலியைச் சொன்னார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ‘ர்’ சொல்வதே மதிப்பாகக் கருதப்பட்டு வந்தது. அப்படியானால் உயர் வகுப்பாருக்கு விற்கும் கடையின் ஊழியர் கூடுதலாக ‘ர்’ சொல்ல வேண்டும் அல்லவா?

1962 நவம்பரில் அவர் மூன்று பெருங்கடைகளுக்குப் போனார். விலை கூடியது சாக்ஸ், நடுத்தரமானது மேசீஸ், மலிவானது எஸ். கிளைன். ஒவ்வொரு கடையிலும் நான்காம் மாடியில் விற்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியரிடம் கேட்டார். அவர் “நான்காம் மாடி” என்பார். சரியாகக் கேட்காதவர் போல லபோவ் மீண்டும் கேட்பார். ஊழியர் இம்முறை அழுத்தித் திருத்தமாகச் சொல்வார். அப்பால் நகர்ந்து, கேட்டதைக் குறித்துக்கொள்வார். மொத்தம் 264 பேர். சுமார் ஆறரை மணித்தியாலம். ‘ர்’ ஒலியை முழுமையாகவோ ஓரளவோ சொன்னவர்கள் சாக்ஸில் 62 வீதம், மேசீஸில் 51 வீதம், கிளைனில் சுமார் 20 வீதம்.

இவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். எல்லோரும் கடை ஊழியர்களே. யாருக்கு விற்கிறார்களோ அவர்களுடைய மதிப்பைத் தம் நாவில் ஏற்றிக்கொண்டார்கள். மேடையில் ‘இருக்கிறது’ என்றும் இறங்கியதும் ‘ஈக்கி’ என்றும் நான் சொன்னது வேறு என்ன?

கேட்டால் சொல்லாது, கேட்காவிட்டால் சொல்லும்

இத்துறையில் ஒரு பெரிய இடர் உண்டு. மக்கள் யாரும் கவனிக்காதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும். ஆனால் அறிவதற்கு நாம் கவனித்தாக வேண்டும். கவனித்தால் பேச்சு மாறிவிடும். லபோவ் இதனை ‘நோக்குநர் முரண்’ என்றார்.

என் ஒப்படைக்காக உம்மும்மாவின் முன் கைத்தொலைபேசியை வைத்து, “ஏதாச்சும் பேசுங்க” என்றபோது இதனைக் கண்ணால் கண்டேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “நான் காலியில் பிறந்தேன். எனக்கு நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று வானொலிச் செய்தி போலச் சொன்னார். நான் திருத்தித் திருத்திப் பழக்கிய தமிழ் அது. ஒப்படைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்த முரணைக் கடக்க லபோவ் கையாண்ட வழிகளில் ஒன்று, சாகப்போகிறோம் என்று நினைத்த தருணம் எப்போதாவது வந்ததா என்று கேட்பது. அதைச் சொல்லத் தொடங்கியவருக்கு ஒலிப்பதிவுக் கருவி மறந்துபோகும். பெல்ஃபாஸ்ட் நகரில் ஆய்வு செய்த லெஸ்லி மில்ரோய் வேறு வழி கண்டார். ஆய்வாளராக அன்றி, தெரிந்தவரின் தெரிந்தவர் என்ற உறவோடு வீடுகளுக்குள் போனார். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே இடத்தில் வேலை செய்து, உறவாலும் நட்பாலும் நெருங்கப் பின்னப்பட்டவர்களிடம் ஊர்ப் பேச்சு உறுதியாக நிற்பதைக் கண்டார்.

நானும் லபோவின் கேள்வியைக் கேட்டேன். “உம்மும்மா, மவுத்தாகப் போறன்டு நெனச்ச நேரம் ஈக்கா?” கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று விளங்கியது. அவர் 2004 டிசம்பர் 26ஆம் திகதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

“ஞாயித்துக்கெழம. சத்தம் கேட்டுத்தான் நான் வெளிய வந்த. எல்லாரும் ஓடின. நானும் ஓடின. திரும்பிப் பாத்த… கடல் ரோட்டுல ஈக்கி.”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தங்கச்சி பின்னுக்கு வாராண்டு நெனச்சித்தான் ஓடின” என்றார்.

நான் ஒலிப்பதிவை நிறுத்தினேன். இதனை அழித்துவிடவா என்று கேட்டேன். “வெச்சிக்கோ மகள். பேர மட்டும் போடாத” என்றார். அவர் சொன்னபடியே எந்தப் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. ஒருவரின் பேச்சைப் பதிவு செய்தால் அதனைப் பயன்படுத்த அவரிடம் அனுமதி பெறுவதும் பெயரை மறைப்பதும் இந்த ஆய்வின் முதல் ஒழுக்கம்.

‘கடல் ரோட்டுல ஈக்கி’ என்பதை ‘கடல் வீதியில் இருக்கிறது’ என்று எழுதிப் பார்த்தேன். அது உம்மும்மா சொன்னதாகவே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு

அந்தப் பதிவை மீண்டும் மீண்டும் கேட்டபோது மூன்று விடயங்கள் தெரிந்தன.

முதலாவது, ‘ஈக்கி’ எப்படிப் பிறந்தது என்பது. இலக்கணத்தில் மரூஉ மொழி படித்திருக்கிறோம். ‘பொழுது’ ‘போது’ ஆயிற்று. ‘பகுதி’ ‘பாதி’ ஆயிற்று. ‘பெயர்’ ‘பேர்’ ஆயிற்று. நடுவிலுள்ள எழுத்துக் கெட, முன்னுள்ள குறில் நெடிலாகிறது. அதே வழியில்தான் ‘இருக்கு’ என்பதில் ‘ரு’ கெட்டு, ‘இ’ நீண்டு, ‘ஈக்கி’ வந்திருக்கிறது. ‘போது’ பாடநூலில் ஏறிவிட்டது. ‘ஈக்கி’ ஏறவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இரண்டாவது, வினைமுற்று. நான் ஓடின, அவ ஓடின, எல்லாரும் ஓடின என்று மூன்று இடங்களிலும் ஒரே வடிவம். எழுத்துத் தமிழில் ஓடினேன், ஓடினாள், ஓடினார்கள் என்று விகுதி மாறும். எங்கள் பேச்சில் யார் ஓடினார் என்பதை எழுவாயே சொல்லிவிடுகிறது. இது சோம்பலால் வந்த குறை என்று நினைத்திருந்தேன். ஆனால் மலையாளத்திலும் ‘ஞான் போயி’, ‘அவள் போயி’ என்று ஒரே வடிவம்தான். பேச்சுச் சிங்களத்திலும் ‘மம யனவா’, ‘எயா யனவா’ என்று வினை மாறுவதில்லை. மலையாளத்தை யாரும் குறையுள்ள மொழி என்று சொல்வதில்லை. விகுதி மாறாமல் நிற்பதும் ஓர் ஒழுங்குதான்.

மூன்றாவதுதான் எனக்கு வெட்கத்தைத் தந்தது. நான் ‘ஈக்கி’ சொல்வதை விட்டு ஒரு வருடமாகிறது என்றே எண்ணியிருந்தேன். பதிவில் என் குரல் கேட்கிறது. கேள்விக்குக் கேள்வி ‘ஈக்கா’, ‘ஈக்கி’ என்றுதான் வருகிறது. இங்கிலாந்தின் நொரிச் நகரில் 1968இல் ஆய்வு செய்த பீட்டர் ட்ரட்கில் இதனையே கண்டார். நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டபோது, பெண்களில் பலர் தாம் உண்மையில் பேசுவதைவிடத் திருத்தமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். ஆண்களில் பலர் அதற்கு மாறாகச் சொன்னார்கள். பேச்சில் பெண்களே திருத்தமான வடிவங்களைக் கூடுதலாகக் கையாண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒருவர் தன் பேச்சைப் பற்றிச் சொல்வது வேறு, அவருடைய பேச்சு வேறு. அதனால்தான் ஆய்வாளர் கேட்டு மட்டும் எழுதாமல், பதிவு செய்து எண்ணுகிறார்கள்.

வகுப்பறையில் இது ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் சிலர் வாசிப்பில் பின்தங்கியபோது, அவர்களுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கருதப்பட்டது. பெற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். அப்பிள்ளைகள் வீட்டில் பேசும் ஆங்கிலம் தனக்கென ஒழுங்கான இலக்கணம் கொண்டது என்று லபோவ் உள்ளிட்ட அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். 1979இல் நீதிபதி சார்ள்ஸ் ஜொய்னர், பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொண்டு, அதனைக் கணக்கில் எடுத்து வாசிப்புக் கற்பிக்க உதவும் திட்டம் ஒன்றைத் தயாரிக்குமாறு பாடசாலை நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டார். மக்களின் பேச்சைப் பொறுமையாக எண்ணிய ஓர் ஆய்வு, பிள்ளைகளின் மேல் விழுந்த பட்டத்தை நீக்க உதவியது.

அப்படியானால் பரீட்சையில் ‘ஈக்கி’ என்று எழுதலாமா என்று தோழியர் கேட்கக்கூடும். எழுத முடியாது. எழுத்துக்கு ஒரு வடிவமும் பேச்சுக்கு ஒரு வடிவமுமாக வாழும் மொழிகளை ‘இரட்டை வழக்கு’ மொழிகள் என்பர். 1959இல் இதனை விளக்கி எழுதிய சார்ள்ஸ் ஃபெர்குசன் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அறபும் ஒன்று. நாம் மத்ரஸாவில் ஓதும் அறபும், வெளிநாட்டில் வேலை செய்து வந்த எங்கள் அயல்வீட்டு மாமி பேசும் அறபும் ஒன்றல்ல. மாமியின் அறபைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. அது வேறு இடத்துக்கு உரியது. எழுத்துத் தமிழை நாம் நன்றாகக் கற்கவே வேண்டும். அது எல்லா ஊர்த் தமிழரையும் எம்மோடு இணைக்கிறது. அதற்காக வீட்டுத் தமிழை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

தோழியரே, நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டு விதமாக வரும் ஒரு சொல்லை மட்டும் எடுங்கள். மூத்த சகோதரியைச் சில ஊர்களில் ‘தாத்தா’ என்கிறோம். கிழக்கில் ‘ராத்தா’ என்கிறார்கள். இரண்டு ஊர் உறவுகளும் கூடும் குடும்பத்தில் எது வருகிறது? வீட்டில் மூன்று தலைமுறையினர் இருந்தால், ஒரே சொல்லை ஒவ்வொருவரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். முதியவர் ஒரு விதமாகவும் இளையவர் வேறு விதமாகவும் சொன்னால், மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். அனுமதி கேளுங்கள். எண்ணுங்கள். திருத்தாதீர்கள்.

ஒப்படையைக் கையளித்த வாரம் என் தோழிகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். உம்மும்மா வழமைபோல் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பினார். “உம்மும்மா, இருங்க. இவ ஊட்டுக்காரங்க ஹம்பாந்தோட்டயில ஈக்கி. ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க ஈக்குமே” என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “ஒங்கட உம்மாட பேரென்ன மகள்?” என்று தொடங்கினார். தேநீர் ஆறிப்போகும்வரை பேசினார்.